அங்குலக் கணக்கு

எங்கள் ஊரில் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் சங்கிலியும் எல்லைக் கல்லுமாய்க் காடு மேடெல்லாம் அலைந்த அப்பியாசம் இன்னும் கையை விட்டுப் போகாத அவர், தேர்தல் அறிவிப்பு வெளியான மறுநாளே காலைப் பத்திரிகையைத் திண்ணையில் விரித்து, பேரனுடைய பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து, ஒவ்வொரு கட்சிச் செய்தியும் எத்தனை அங்குலம் என்று அளந்து, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் இரண்டு வரிசையாகக் குறித்து வைக்கத் தொடங்கிவிடுவார். வாக்குப்பதிவுக்கு முந்திய தினம் கூட்டல் போட்டு முடிந்ததும் தீர்ப்பு வழங்கப்படும். சென்ற முறை, மாவட்டச் செய்திகளுக்குப் பேர்போன ஒரு பத்திரிகைக்கு அவர் 'பரம நடுநிலை' என்ற பட்டத்தை அளித்தார். இரு பெரிய அணிகளுக்கும் அது ஒதுக்கிய இடத்தில் நான்கே அங்குலந்தான் வித்தியாசமாம்.

பெரியவரைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. அவர் அடிக்கோல் வைத்துச் செய்கிற காரியத்தை ஏனையோர் கண்ணளவால் செய்கிறார்கள், அவ்வளவே பேதம். இரு தரப்புக்கும் சரிசமமாக இடம் கொடுப்பதுதான் பத்திரிகா தர்மம் என்பதும், கட்சிச் சார்பு அற்ற பத்திரிகை எழுதுவதெல்லாம் மெய், சார்புள்ளது எழுதுவதெல்லாம் பொய் என்பதும் படித்தவர், பாமரர் என்ற வேறுபாடின்றி எல்லோர் மனத்திலும் ஊறிப்போன அபிப்பிராயமாகிவிட்டன. பத்திரிகாசிரியர்களுக்கும் இது வெகு சௌகரியமான கவசம். "எங்களை இரண்டு கட்சிக்காரர்களும் திட்டுகிறார்கள், ஆகையால் நாங்கள் சரியாகத்தான் இருக்கிறோம்" என்று அவர்கள் மார்தட்டிக்கொள்வதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒருவனும், குறைவு என்று மற்றொருவனும் சொல்வதால் மட்டும் உப்பு சரியாகிவிடுமா? பருப்பே வேகாமல் இருக்கலாம்.

ஒரு நாள் பெரியவரிடமே கேட்டேன்: "ஐயா, அண்ணன் தம்பி இருவருக்கு நிலம் பாகம் பிரிக்கும்போது, ஆளுக்கு மூன்று ஏக்கர் என்று கல் நட்டுவிட்டால் உங்கள் வேலை முடிந்ததா?"

"அதெப்படித் தம்பி முடியும்? கிணறு எவன் பங்கில் விழுகிறது, வண்டிப் பாதை எந்தப் பக்கம், பாறை எவன் தலையில் என்று பார்க்காமல் கல் நட்டால், அடுத்த வாரமே அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்களே!" என்றார்.

நிலத்தின் விஷயத்தில் அவருக்கு இவ்வளவு தெளிவாக இருந்த இந்த ஞானம், பத்திரிகையின் முன் உட்கார்ந்த மாத்திரத்தில் எங்கே மறைந்துவிடுகிறதென்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பத்திரிகையிலும் கிணறு உண்டு, பாறையும் உண்டு. ஓர் அபேட்சகர் பேசினால் 'அம்பலப்படுத்தினார்' என்றும், அதே குற்றச்சாட்டை எதிர் அபேட்சகர் சொன்னால் 'கூறிக்கொண்டார்' என்றும் எழுதலாம்; ஒருவருடைய கூட்டத்தை மேடையிலிருந்து படம் பிடித்து ஜனசமுத்திரமாகக் காட்டலாம், மற்றவருடைய கூட்டத்தைப் பின்வரிசையிலிருந்து பிடித்துக் காலி நாற்காலிகளைக் காட்டலாம்; ஒருவர்மீது வந்த புகாரைத் திங்கட்கிழமை முதற்பக்கத்திலும், அதற்கு அவர் சொன்ன சமாதானத்தை வியாழக்கிழமை தங்கம் விலைக்குக் கீழேயும் அச்சிடலாம். இத்தனையும் செய்துவிட்டு, அங்குலத்தை மட்டும் அணுப் பிசகாமல் சமமாக வைத்துக்கொள்ள ஒரு சாமர்த்தியமான உதவி ஆசிரியரால் முடியும். அடிக்கோல் அவரை ஒருக்காலும் பிடிக்காது.

அது போகட்டும். சமம் என்றால் யார் யாருக்குள் சமம்? 1996-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காகவே கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச் சீட்டு புத்தகம் போல் ஆயிற்று. அங்கே தேர்தலையே தள்ளிவைத்துப் பிறகு நடத்த வேண்டியதாயிற்று. நமது அங்குல தர்மத்தை மெய்யாகவே அனுஷ்டிக்கும் பத்திரிகை ஒன்று அபேட்சகருக்கு ஓர் அங்குலம் வீதம் கொடுத்திருந்தால், பத்திக்கு இருபது அங்குலமாக எட்டுப் பத்திப் பக்கத்தில், ஏறத்தாழ ஆறரைப் பக்கம் ஒரே தொகுதிக்குப் போயிருக்கும். அது அசாத்தியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசாத்தியம் என்று ஒப்புக்கொண்ட கணமே, யாரை எடுப்பது, யாரை விடுப்பது என்று தீர்மானிக்கும் ஒரு மனம் அங்கே வேலை செய்கிறது என்பதையும், அந்தத் தீர்மானம் அங்குலத்தால் ஆவதன்று என்பதையும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். இன்றைக்கும் மொடக்குறிச்சி என்றால் அந்தப் புத்தகச் சீட்டை நினைவுகூர்பவர்கள் அநேகர். அந்த விவசாயிகள் என்ன கேட்டார்கள் என்று வினவினால் மௌனந்தான் பதில். அரசாங்கம் மட்டும் பாடத்தை மறக்கவில்லை: அதே வருஷம் சட்டத்தைத் திருத்திச் சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த காப்புத்தொகையை 5,000 ஆக்கிற்று.

பொதுச் சொத்தாகிய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கட்சிகளுக்கு நேரம் பங்கிடும்போது கணக்குப் பார்ப்பது நியாயமே. 1998 முதல் நடந்துவரும் அந்தப் பங்கீட்டில்கூட, ஒரு பகுதியை எல்லா அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கும் சமமாகவும், எஞ்சியதை முந்திய தேர்தலில் பெற்ற வாக்குகளைக் கருதியுமே கொடுக்கிறார்கள். நிமிஷத்தைப் பங்கிடுவது நிர்வாகம். செய்தி எழுதுவது வேறு தொழில்.

இனி, பெரியவர் பட்டம் சூட்டிய பத்திரிகைக்கே வருகிறேன். அவர் அளந்த அந்தச் செய்திகளை நான் வாசித்தும் பார்த்தேன். இரு அபேட்சகர்களும் 'செல்லுமிடமெல்லாம் உற்சாக வரவேற்பு' பெற்றிருந்தார்கள். இருவருக்கும் தாய்மார்கள் ஆரத்தி எடுத்திருந்தார்கள். இருவருமே 'அமோக வெற்றி' பெறப்போவதாக ஒரே பக்கத்தின் இரு கோடிகளில் எழுதியிருந்தது. எழுதிய நிருபர் பெயர் இல்லை. விளம்பரம் என்ற குறிப்பும் இல்லை. மாவட்டத் தலைநகரங்களில் இந்தத் தொழிலை அறிந்தவர்கள் இதைப் 'பேக்கேஜ்' என்பார்கள்: பிரசாரம் தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை இத்தனை செய்தி, இத்தனை படம், இவ்வளவு தொகை. நிருபர் கையில் இரகசியமாகத் திணிக்கப்படும் 'கவர்' சில்லறை வியாபாரம். பேக்கேஜ் மொத்த வியாபாரம். இரு தரப்பும் ஒரே விலை கொடுத்து வாங்கினால், அங்குலம் ஒத்துப்போகாமல் எப்படிப் போகும்? ஜவுளிக்கடையில் ஒரே பணத்துக்கு இருவருக்கும் ஒரே முழம் கிழித்துக் கொடுப்பதை நடுநிலைமை என்று யாரும் சொல்வதில்லை.

இது என் கற்பனையென்று எவரும் தள்ளிவிட முடியாது. 2009-ஆம் வருஷத்து மகாராஷ்டிரச் சட்டசபைத் தேர்தலின்போது, ஒன்றுக்கொன்று போட்டியான பத்திரிகைகளில் ஒரே தலைவரைப் புகழும் கட்டுரை சொல்லுக்குச் சொல் மாறாமல் செய்தியாக வெளிவந்ததைப் பி. சாய்நாத் 'தி இந்து'வில் ஆதாரத்துடன் எழுதினார். பிரஸ் கவுன்சில் இருவர் கொண்ட துணைக்குழுவை நியமித்தது. அவர்கள் 71 பக்க அறிக்கையைப் பெயர்களுடனே எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகைகளின் ஒழுக்கத்தைக் காப்பதற்கென்றே ஸ்தாபிக்கப்பட்ட அந்தச் சபை 2010-இல் செய்தது யாதெனில், பெயர்களெல்லாம் உதிர்ந்துபோன ஒரு சுருக்கத்தைப் பிரகடனம் செய்ததுதான்; மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பின்னரே, 2011-இல், முழு அறிக்கையும் வெளிச்சத்துக்கு வந்தது. அதே 2011 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்துப் பிசௌலித் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் செய்தி வேஷம் போட்டு வந்த விளம்பரங்களின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக, தேர்தல் ஆணையத்தால் மூன்று வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இதில் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்றுண்டு. தண்டனை, கணக்குக் காட்டாத அபேட்சகருக்கு. அந்தச் செய்தியை மெய்யென்று நம்பிய வாசகனுக்கு இதில் பரிகாரம் ஏதும் இல்லை. மாவட்டந்தோறும் இப்போது அமர்ந்திருக்கும் ஊடகக் கண்காணிப்புக் குழுவும் காசுக்கு வந்த செய்தியைக் கண்டால் அதன் விலையை அபேட்சகரின் செலவுக் கணக்கில் ஏற்றுவதற்குத்தான் வழிதேடுகிறது.

இந்த இடத்தில்தான் கட்சிப் பத்திரிகைகளைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்ல விரும்புகிறேன். சிலருக்கு இது கசக்கக்கூடும். நம் ராஜதானியில் பேர்பெற்ற பத்திரிகைகள் பலவும் பிறந்ததே சார்பில்தான். முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் எதிர்த்ததைப் பொறுக்கமாட்டாமல், 1878-இல் சில வாலிபர்கள் கூடித் தொடங்கியதுதான் 'தி இந்து'. அவர்களில் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் 'சுதேசமித்திரன்' என்று பெயர் வைத்தபோதே தாம் யாருக்கு மித்திரன் என்பதை ஒளிக்கவில்லை. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் 1917-இல் 'ஜஸ்டிஸ்' என்ற தினசரியை நடத்த ஆரம்பித்து, கடைசியில் பத்திரிகையின் பெயரே கட்சிக்குப் பெயராக நிலைத்தது. டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 1934-இல் பிறந்த 'தினமணி' காங்கிரஸ் அபிமானத்தை மூடி மறைக்கவில்லை. திருவாரூரில் 1942-இல் துண்டுப் பிரசுரமாகத் தோன்றிய 'முரசொலி'யை நடுநிலை ஏடு என்று அதன் பரம விரோதியும் மயங்கியிருக்க மாட்டான். இவற்றை விரித்த வாசகன், விரிக்கும்போதே விழிப்புடன் விரித்தான். எந்தத் திசையில் காற்று அடிக்கிறதென்று தெரிந்தவன் அதற்கேற்பக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறான். காற்றே இல்லை என்று சத்தியம் செய்து வெளியே அனுப்பப்பட்டவன்தான் நனைகிறான்.

இதனால் கட்சி ஏடுகளெல்லாம் யோக்கியமானவை என்று நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருத வேண்டாம். தன் கட்சிக்காரன் அகப்பட்டுக்கொண்ட வழக்கை ஒரு வரியும் எழுதாமல் விழுங்கிவிடும் ஏடு, சார்பைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டதாலேயே சுத்தமாகிவிடாது. சார்பு வேறு, அநியாயம் வேறு. ஒன்றிருந்தும் மற்றது இல்லாமலிருக்க முடியும். தனக்குப் பிடித்த அபேட்சகரைத் தலையங்கத்தில் தாராளமாக ஆதரித்துவிட்டு, அதே இதழின் செய்திப் பக்கத்தில் அவருடைய பிரமாணப் பத்திரத்திலுள்ள சொத்துக் கணக்கையும் நிலுவையிலுள்ள வழக்குகளையும் உள்ளது உள்ளபடி போடுகிற பத்திரிகையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இரு அணிகளையும் தராசில் வைத்துக்கொண்டு, இருவருமே பேச விரும்பாத சாக்கடைக் கணக்கைத் தானும் பேசாமலிருக்கும் பத்திரிகை எத்தனை சமமாக இருந்தாலும் எனக்கு வேண்டியதில்லை. பெரியவர் நோட்டில் அபேட்சகர்கள் இருவருக்கு வரிசை இருந்தது. வாசகனுக்கென்று ஒரு வரிசை இருக்கவில்லை.

2019 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. முந்திய சபைகளின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்து, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்களே எல்லாக் கிராமங்களையும் பரிபாலித்து வந்த பிறகு நடந்த தேர்தல் அது. கிராம வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு-சாவி, கத்தரிக்கோல் என்று ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். பெரியவர் வழக்கம்போல் அடிக்கோலும் நோட்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வரிசைக்கு என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். தலைவர் பதவிக்கு அவர் தெருவிலேயே ஆறு பேர் நின்றார்கள். அதில் இருவர் பங்காளிகள்.

"தம்பி, போன மூன்று வருஷத்தில் நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று இதில் எங்கேயாவது போட்டிருக்கிறதா?" என்று கேட்டுப் பத்திரிகையை என் பக்கம் தள்ளினார்.

நான் பன்னிரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ஆறு அபேட்சகர்களின் படங்களும் தபால்தலை அளவில் வரிசையாக இருந்தன. அவர் அவற்றையும் அளந்து வைத்திருந்தார். ஆறும் ஒரே அளவுதான்.