எட்டாயிரம் டாலர் தராத தேவதூதர்!

'தேவதை' என்றதும் உங்களுக்கு என்ன காட்சி ஓடுகிறது? வெள்ளை கவுன், காற்றில் அலையும் கூந்தல், ஸ்லோமோஷனில் நடந்துவரும் ஹீரோயின்... சரியா? நம் சினிமா அந்த வார்த்தையை அழகுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

ஆனால், எனக்குப் பிடித்த இரண்டு சினிமா தேவதூதர்களுமே வேறு ரகம். ஒருவர், இன்னும் இறக்கையே கிடைக்காத பெரியவர். இன்னொருவர், ஓவர்கோட் போட்ட நடுத்தர வயது மனிதர்.

முதலில் பெரியவர். 1946-ல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் வருபவர். சின்ன ஊரில் வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனத்தை நடத்துகிறார் ஜார்ஜ் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்). கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பேங்கில் கட்டவேண்டிய 8,000 டாலர் தொலைந்துவிடுகிறது. ஜெயில்தான் என்ற நிலையில், மனசு உடைந்து பாலத்தில் நிற்கிறார்.

அங்கே வருகிறார் கிளாரன்ஸ். அவர் முதலில் என்ன செய்கிறார் தெரியுமா? தானே ஆற்றில் குதித்துவிடுகிறார்! யாராவது தத்தளித்தால் ஜார்ஜால் சும்மா நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதேபோல ஜார்ஜும் தன் கவலையை மறந்து, அவரைக் காப்பாற்றப் பாய்கிறார்.

அதன்பிறகு, ஜார்ஜ் பிறக்காமலே இருந்திருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார் கிளாரன்ஸ். தொலைந்த பணத்தை மட்டும் அவர் கொண்டுவந்து தரவே இல்லை. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டுவது ஊர்மக்கள்தான்.

தியேட்டரில் சுமாராக ஓடிய படம் இது. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால், அமெரிக்க டி.வி சேனல்கள் திரும்பத் திரும்பப் போட்டன. இன்று அங்கே கிறிஸ்துமஸ் என்றாலே இந்தப் படம்தான்.

அடுத்து, ஓவர்கோட்காரர். விம் வெண்டர்ஸ் இயக்கிய 'விங்ஸ் ஆஃப் டிசையர்', 1987-ல் வந்த ஜெர்மன் படம். சுவர் இரண்டாகப் பிரித்திருந்த பெர்லினில், மனிதர்களின் மனக்குரலைக் கேட்டபடி சுற்றுகிறார்கள் தேவதூதர்கள். ரயிலில் நொந்துபோய் உட்கார்ந்திருப்பவர் அருகில் டேமியல் அமர்கிறார். சற்று நேரத்தில் அந்த மனிதரின் யோசனை லேசாகிறது. அவ்வளவுதான் அவர்களால் முடியும். சில நேரம் அதுவும் முடிவதில்லை. மாடி விளிம்பில் இருக்கும் ஓர் இளைஞரைத் தோளோடு அணைத்துக்கொள்கிறார் இன்னொரு தேவதூதரான காசியல். ஆனாலும் காப்பாற்ற முடியாமல் அலறுகிறார். பக்கத்திலேயே இருந்தும் அவர் குரல் அந்த இளைஞருக்குக் கேட்காது!

டேமியல் கடைசியில் மனிதராக மாறிவிடுகிறார். காதல் ஒரு காரணம். சூடான காபியின் ருசி, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சுகம் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கிறது. எனக்கு என்னவோ, தன் குரல் ஒருவருக்காவது கேட்கவேண்டும் என்பதும் அதில் சேர்த்தி என்றே தோன்றும்.

போன மாதம் நைட் ஷிஃப்டில் இருந்தபோது கல்லூரித் தோழி போன் செய்தாள். வேலை போய்விட்டது. நான் உடனே ரெஸ்யூமேயை மாற்று, அவரிடம் பேசு, இந்த கோர்ஸ் படி என்று வரிசையாக யோசனை சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்டி. இப்போ கொஞ்ச நேரம் லைன்ல மட்டும் இரு" என்றாள்.

இருந்தேன். ரொம்ப நேரம் அவள் வீட்டு ஃபேன் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவளே பேசினாள்.

கிளாரன்ஸிடம் பணம் இல்லை. காசியலுக்குக் குரல் இல்லை. நமக்குக் குரல் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. ராத்திரி நேரத்தில் யாராவது கூப்பிட்டால் முதலில் எடுங்கள். யோசனையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்!

(மனம் தாங்காத பாரமாக இருந்தால் 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பேசினால் பாரம் குறையும்.)