ஒரு மன்றத்துக்கு எத்தனை முகவரி?



கிங்ஸ் சர்க்கிளுக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நம் வாயில் இன்றும் பழைய பெயர்தான். 1995-இல் பம்பாய் மும்பையான பிறகும், பழைய பெயர் எழுதிய கடிதங்கள் மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தன. உறைமேல் 400019 இருந்தது. இரு பெயரும் அறிந்த தபால்காரரும் இருந்தார்.

இணையத்தில் அந்தத் தபால்காரரை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்புக்கு மூன்று இணைய முகவரிகள். ஒரு செயலாளர் பம்பாய் என்ற பெயரில் டாட் ஆர்க் வாங்கினார். அடுத்தவர் மும்பை என்று டாட் காம். பின்னால் வந்தவர் டாட் இன். மூன்றிலும் ஏறக்குறைய அதே பக்கங்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த என் உறவினர், குழந்தைக்குத் தமிழ் வகுப்புத் தேடினார். கூகுள் காட்டியது பழைய தளத்தை. அதிலிருந்த தொலைபேசி எண் எப்போதோ துண்டிக்கப்பட்டது. வகுப்போ இரண்டு தெரு தள்ளி நடந்துகொண்டிருந்தது!

தவறு தேடுபொறியுடையதா? ஒரே செய்தி பல முகவரிகளில் இருந்தால், எதை முதன்மையாகக் கொள்வது என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. பிற தளங்கள் நமக்குத் தரும் இணைப்புகள்தாம் நமக்கு நற்சான்று. அவையும் மூன்றாகச் சிதறுகின்றன.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். எதை? ஏற்கெனவே பலர் அறிந்த, அதிக இணைப்புகள் பெற்ற முகவரியை. டாட் காம் என்பதாலேயே எவரும் வரிசையில் முந்துவதில்லை. டாட் இன் இந்தியத் தளம் என்று உணர்த்தும், அவ்வளவே. முகவரிக்குள் ‘மாட்டுங்கா’, ‘தமிழ்’ என்று அடுக்குவதாலும் பெரும்பயன் இல்லை.

மற்ற முகவரிகளை மூடிவிட வேண்டாம். அங்கு வருபவரை முதன்மைத் தளத்தின் அதே பக்கத்துக்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு உண்டு. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் அதை 301 என்பார்கள். இதுவே நம் தபால்காரர். குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நம் பழைய ஆண்டு மலர்களில் அந்த முகவரி அச்சாகியிருக்கிறதே! அதனால் முடிந்தவரை காப்பாற்றுவோம். புதுப்பிக்காமல் விட்டால் யாரும் வாங்கி, நம் பெயரில் சூதாட்ட விளம்பரம்கூடப் போடலாம்.

இன்னொன்று: முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது? மன்றத்தின் வங்கிக் கணக்கைத் தனியொருவர் பெயரில் வைப்போமா? இதையும் மன்றத்தின் பெயரிலேயே பதிவோம். கடவுச்சொல் அடுத்த குழுவுக்குக் கணக்குப் புத்தகத்தோடு கைமாறட்டும்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நமக்குப் பின் வருபவர் தட்டுவதற்கு ஒரு கதவு போதும். அது திறந்திருக்க வேண்டும்.