செருக்கு யாருடைய சொத்து?

"இறைவனை நம்புகிறவனுக்குத்தான் ஆணவம் மிகுதி. படைத்தவனே தன் பக்கம் நிற்பதாக அல்லவா அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்!" இது நாத்திக நண்பர்களின் குற்றச்சாட்டு. "இல்லை, இல்லை. படைத்தவனையே இல்லை என்று சொல்லத் துணிவதைவிடப் பெரிய ஆணவம் வேறு என்ன இருக்கிறது?" இது நம்மவர்களின் மறுமொழி. திருமண வீடுகளிலும் ரயில் பயணங்களிலும் இந்த வழக்கைக் கேட்டுச் சலித்த வாசகர்கள் பலர் இருப்பீர்கள். வழக்காடும் இருவருடைய குரலும் உயர்ந்துகொண்டே போகும். முடிவில், எதிரி தன்மீது சுமத்திய குற்றத்தை இருவருமே மெய்ப்பித்துவிட்டு எழுந்து போவார்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமாக இருந்த காலம் மாறிவிட்டது. வெளியூர்க் கல்லூரிக்குச் சென்ற பிள்ளை, பட்டத்தோடு சில ஐயங்களையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறான். "நாலு எழுத்துப் படித்ததும் ஆணவம் தலைக்கேறிவிட்டது" என்கிறார் தந்தை. "உங்களைத் தவிர மற்றவரெல்லாம் நரகவாசிகள் என்று நினைக்கிறீர்களே, உங்களுக்கா பணிவு?" என்கிறான் மகன். ஒரே ஸஹனில் கைவைத்து உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உண்டெழுகிறார்கள். ஆகவே, இவ்வினாவைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் நாத்திகர் வாதத்தை எடுத்துக்கொள்வோம். நமது சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலத்தில் மட்டும் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் உண்டு என்பது வானியலார் கணக்கு. அப்படிப்பட்ட மண்டலங்களும் எண்ணில் அடங்காதவை. இவற்றையெல்லாம் இயக்குபவன் என் மகளின் தேர்வு முடிவையும் என் கடையின் வியாபாரத்தையும் கவனிக்கிறான் என்று நம்புவது அகந்தையல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானதுதான். என் மன்றாட்டை மட்டும் அவன் கேட்கிறான் என்று நான் நம்பினால் அது அகந்தையே. பக்கத்து வீட்டு விதவையின் மன்றாட்டையும், என்னிடம் கடன்பட்டவனின் முறையீட்டையும், என்னால் அநீதிக்கு ஆளானவனின் பெருமூச்சையும் அவன் அதே செவியால் கேட்கிறான் என்று நம்பினாலோ, அந்த நம்பிக்கை என்னை நடுங்கவைக்க வேண்டும். நம்மில் பலர் முன்பாதியை மட்டும் நம்புகிறோம் என்பது வேறு விஷயம்.

நம்மவர் வாதமும் அவ்வளவு உறுதியானதன்று. இறைவன் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் ஆணவம் அகன்றுவிடும் என்பது உண்மையானால், இப்லீஸின் வரலாற்றை எங்கே வைப்பது? அவன் நாத்திகனல்லன். இறைவன் உண்டு என்பதில் அவனுக்கு அணுவளவும் ஐயம் இருந்ததில்லை; நேருக்கு நேர் உரையாடியவன். நெருப்பிலிருந்து தோன்றிய தான் களிமண்ணுக்குத் தலைவணங்குவதா என்பதுதான் அவனுடைய வழக்கு. திருமறை காட்டும் முதல் குற்றவாளி வீழ்ந்தது மறுப்பினால் அன்று, தன் பிறப்பைப் பற்றிய பெருமையினால். குலப்பெருமை பேசித் திருமணச் சம்பந்தங்களைத் தட்டிக்கழிக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த இடத்தை மட்டும் விரைந்து ஓதிக் கடந்துவிடுகிறார்களோ என்னவோ!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செருக்குக்குத் தந்த இலக்கணம் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அணுவளவு பெருமை உள்ளத்தில் இருப்பவர் சுவனம் புகார் என்று அவர்கள் எச்சரித்தபோது, நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவதும் பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டார். அது பெருமையன்று, உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என்று விளக்கமளித்தார்கள். இந்த இலக்கணத்தைக் கூர்ந்து கவனியுங்கள். இதில் உடைக்கு இடமில்லை. தன்மானத்தோடு நிமிர்ந்து நடப்பவன்மீதும் குற்றமில்லை. உண்மை எதிரே வரும்போது என்ன செய்கிறாய், மனிதன் எதிரே வரும்போது எப்படிப் பார்க்கிறாய் என்ற இரண்டே அளவைகள். இவற்றைக் கொண்டு ஆத்திகரையும் அளக்கலாம், நாத்திகரையும் அளக்கலாம்.

அளந்து பார்ப்போமே. டில்லியை 1266 முதல் 1287 வரை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் பல்பன், அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு டில்லிக்கு வந்தவர். அரியணை ஏறியபின் தொழுகையிலும் நோன்பிலும் கண்டிப்பானவராக இருந்தார் என்று வரலாற்றாசிரியர் ஸியாவுத்தீன் பரனீ எழுதுகிறார். அதே பல்பன்தான் தம்மைப் பூமியில் இறைவனின் நிழல் என்று கூறிக்கொண்டு, அவைக்கு வருவோர் தம் முன் தரையில் தலைதாழ்த்தவும் பாதத்தை முத்தமிடவும் வேண்டுமென்று முறை வகுத்தவர். தாழ்ந்த குடியில் பிறந்தோரோடு பேசுவதே தம் கண்ணியத்துக்குக் குறைவு என்று கருதியவர். நெற்றியில் தொழுகையின் தழும்பு. நெஞ்சிலோ அடிமைச் சந்தையை மறந்துவிட்ட செருக்கு!

மறுபக்கம் அல்பேனியாவைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அச்சிறு ஐரோப்பிய நாட்டை 1985இல் இறக்கும்வரை தம் பிடியில் வைத்திருந்த என்வர் ஹோஜா, ஜிரோகாஸ்தர் நகரத்து முஸ்லிம் குடும்பத்தில் 1908இல் பிறந்தவர். 1967இல் அவருடைய அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் ஒருசேர மூடியது. உலகின் முதல் நாத்திக நாடு என்று பெருமையோடு அறிவித்துக்கொண்டது. வணக்கத்துக்குரியவன் யாருமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பெராத் நகருக்கு எதிரேயுள்ள ஷ்பிராக் மலையின் சரிவில், பல கல் தொலைவிலிருந்து படிக்கும்படி, 'என்வர்' என்ற பெயரைப் பாறைகளால் பொறித்தார்கள். காலியான பீடத்தில் தலைவரை ஏற்றி அமர்த்திவிட்டார்கள். 1990 நவம்பரில் ஷ்கோதர் நகரத்தின் ஈயப் பள்ளிவாசலில் மீண்டும் ஜும்ஆ தொழுகை நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவர், பல்லாண்டுகள் சிறையில் கழித்த ஹாஃபிஸ் ஸப்ரீ கோச்சி. மலைமேல் இருந்த பெயரும் நிலைக்கவில்லை. 2012இல் ஒரு கலைஞர் முதலிரண்டு எழுத்துகளை இடம் மாற்றி, 'ஒருபோதும் இல்லை' என்று ஆங்கிலத்தில் பொருள்படும் சொல்லாக அதை ஆக்கிவிட்டார்.

ஆகவே, தொழுதவரிடமும் ஆணவம் இருந்தது, தொழுகையைத் தடுத்தவரிடமும் இருந்தது. அப்படியானால் பணிவு? அதுவும் ஒரு சாராரின் தனியுடைமையாக இருக்கவில்லை.

ஆந்திர நாட்டில் கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமசந்திர ராவ், தாவரவியல் விரிவுரையாளர். நாத்திகக் கருத்துக்காகக் காக்கிநாடாவில் 1933இல் வேலை இழந்தவர். 1940இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கி, தீண்டாமை ஒழிப்பில் குடும்பத்தோடு இறங்கினார். இறைநம்பிக்கையே மூச்சாக வாழ்ந்த காந்தியடிகளை 1944இல் சேவாகிராமத்தில் சந்தித்து விவாதித்தார். விவாதம் முடியவில்லை, உறவு வளர்ந்தது. கோரா தம் மகளை ஒரு தலித் இளைஞருக்கு மணமுடிக்க முடிவு செய்தபோது, அத்திருமணத்தை ஆசிரமத்திலேயே நடத்தலாம் என்று காந்தியடிகள் விரும்பினார். சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரைச் சொல்லவும் இசைந்தார். அதற்குள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தது. இருவரும் தத்தம் கொள்கையை விடவில்லை. ஒருவர் மற்றவரைத் தாழ்வாகப் பார்க்கவுமில்லை. நம் தமிழ்நாட்டிலும், கடவுள் மறுப்பை மேடைதோறும் முழங்கிய பெரியார், வயதில் மிக இளையவர்களையும் 'வாங்க' என்று மரியாதையோடு அழைத்ததைப் பழகியோர் பலர் எழுதியிருக்கின்றனர்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று 1927இல் லண்டனில் உரையாற்றியவர் அவர். அவரே 1945இல் வெளியான தம் மேலைத் தத்துவ வரலாற்றில், தன் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட உண்மை ஒன்று உண்டு என்ற எண்ணம்தான் மனிதனுக்குப் பணிவைக் கற்பித்து வந்தது, அது அகன்றால் அதிகார போதையில் அவன் பித்தனாவான் என்ற பொருளில் எழுதுகிறார். நம்பிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தால் வியப்பில்லை.

இனி, நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பெருமைக்கும் தற்பெருமைக்கும் தனிப்பகுதி ஒதுக்கி, அதன் காரணங்களை வரிசைப்படுத்தியுள்ளார்கள். செல்வம், அழகு, வலிமை, குலம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வரிசையில் முதலிடம் எதற்குத் தெரியுமா? கல்விக்கு. இரண்டாமிடம் வணக்கத்துக்கு! வணக்கசாலி தன்னை ஈடேறியவனாகவும் மற்றவர்களை அழிந்துபோனவர்களாகவும் காணத் தொடங்குகிறான். பிறர் தன்னைத் தேடி வரவேண்டும், சபையில் விலகி இடம்தர வேண்டும், தன் பேணுதலைப் புகழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அழைப்பிதழில் 'அல்ஹாஜ்' விடுபட்டதால் திருமணத்துக்கே வராமல் இருந்துவிட்டவர்களை நாம் அறிவோம். கஸ்ஸாலி இமாம் அவர்களையும் அறிந்திருப்பார் போலும்.

இமாம் அவர்கள் இதைப் பிறரைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. 1091இல் பக்தாதின் நிழாமிய்யாக் கலாசாலையில் பேராசிரியராக அமர்ந்தபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று. நூற்றுக்கணக்கான மாணவர்கள், அரசவையில் செல்வாக்கு. ஆயினும், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி உள்ளத்தைக் குடைந்தது. 1095இல் நாவே எழாமல் பாடம் நடத்த முடியாத நிலை வந்தது, மருத்துவர்கள் கைவிரித்தனர். பதவியை விட்டு டமாஸ்கஸுக்குப் போய், பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்தார்கள். இதையெல்லாம் அவர்களே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இன்றைய ஆய்வுகளும் இந்தத் திசையிலேயே கைகாட்டுகின்றன. ஜெர்மனியில் 93 யோகா மாணவர்களை 15 வாரங்கள் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, 'நான்' என்பதை அடக்கும் என்று சொல்லப்படும் பயிற்சிக்குப் பின் தற்பெருமை கூடியிருந்ததையே கண்டது. நல்லதொரு காரியத்தில் தேர்ச்சி பெறப்பெற, 'நான் இதில் சிறந்தவன்' என்ற எண்ணமும் உடன் வளர்கிறதாம். நாத்திகர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் 788 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், தங்களைப் பிடிவாதமற்றவர்கள் என்று சொல்லிக்கொண்ட நம்பிக்கையற்றோர், எதிர்க்கருத்தின் நியாயத்தைக் காண்பதில் நம்பிக்கையாளரைவிடப் பின்தங்கியிருந்தனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. புற்றுநோய் நிவாரணத்துக்காகப் பூ விற்கப் போகிறார்கள், வாங்குவீர்களா என்று கேட்டதற்கு 83 விழுக்காட்டு மாணவர்கள் 'நான் வாங்குவேன்' என்றனர். மற்றவர்களில் 56 விழுக்காட்டினர்தாம் வாங்குவர் என்றும் கணித்தனர். விற்பனை முடிந்தபோது வாங்கியிருந்தவர்கள் 43 விழுக்காட்டினர். பிறரைப் பற்றிய கணிப்பு ஓரளவு அருகில் வந்தது; தம்மைப் பற்றிய கணிப்புதான் வெகுதூரம் தவறியது.

என் கணிப்பைக் கேட்டால், ஆபத்து நம் பக்கமே சற்று அதிகம் என்பேன். நாத்திகரின் ஆணவம் வெறுந்தலையோடு வீதியில் நடக்கிறது. எவரும் அடையாளம் காணலாம். நம்முடையது தொப்பியும் தஸ்பீஹ்மணியும் தரித்துக்கொண்டு வருவதால் நாமே அதற்கு ஸலாம் சொல்லிவிடுகிறோம். அதே வேளையில், நம்மிடம் ஒரு வழக்குமன்றம் இருக்கிறது. ஆணவம் குற்றம் என்று எழுதிவைத்த வேதத்தை நம்பிவிட்டதால், எந்த முத்தவல்லியையும் எந்த ஆலிமையும் அவர் நம்பும் நூலைக்கொண்டே நிறுத்திக் கேட்க முடியும். கோராவைப் போன்றோர் அம்மன்றத்தைத் தமக்குள் தாமே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டார்கள். கட்டாதவர்களே அதிகம். ஆயத்தமாக இருக்கும் மன்றத்தில் நாம் எத்தனை முறை வழக்குத் தொடுத்திருக்கிறோம் என்பது வேறு கணக்கு.

ஐயத்தோடு வீட்டுக்கு வந்து நிற்கும் அந்தப் பிள்ளையை மறந்துவிட வேண்டாம். கேள்வி கேட்பது ஆணவமாகாது. கேள்வியைக் கேட்க மறுப்பதுதான் நபிகளார் தந்த இலக்கணத்தின் முதற்பகுதிக்கு அருகில் வருகிறது. மகனும், வாப்பாவின் தொழுகைப்பாயைப் பார்த்து இளநகை புரிவதற்குமுன் அதே இலக்கணத்தின் இரண்டாம் பகுதியைப் படித்துக்கொள்ளட்டும்.

மக்காவில் ஒருநாள், குறைஷித் தலைவர்களிடம் அண்ணலார் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள விரும்பி இடையில் வந்து கேட்டார். தலைவர்கள் இசைந்துவிட்டால் ஊரே இசையும் என்ற நிலை. அண்ணலாரின் முகம் சற்றுச் சுளித்தது. வந்தவரோ அதைக் காணவும் இயலாதவர். அதற்காக இறங்கிய கண்டிப்பு, 'அபஸ' என்னும் அத்தியாயமாக இன்றும் தொழுகைகளில் ஓதப்படுகிறது. தம்மைக் கண்டித்து வந்த அந்த வசனங்களை அண்ணலார் மறைக்கவில்லை, மக்களுக்கு ஓதிக்காட்டினார்கள். பிற்காலத்தில் மதீனாவை விட்டுப் புறப்பட நேர்ந்தபோது, பலமுறை தம் இடத்தில் மக்களுக்குத் தொழுகை நடத்த நியமித்துச் சென்றதும், கேள்வியோடு வந்த அந்தப் பார்வையற்ற மனிதரைத்தான்.