மாரிக் காட்டில் கண்ணும் காதும்



பெருமழை ஓய்ந்து, வாடைக்காற்று வீசி, அதிகாலையில் பனி இறங்கும் மாதங்கள் மார்கழியும் தையும். வன்னிக் காடுகள் நன்றாகப் பசுமை கொள்வது இக்காலத்தில்தான். குளங்கள் நிரம்பியிருக்கும், மண் ஈரமாக இருக்கும். விறகு பொறுக்கவும் மாடு சாய்க்கவும் எம்மில் பலர் காட்டோரம் போய் வருகிறோம்.

காடு என்றதும் எமக்கு முதலில் வருவது இடப்பெயர்வின் நினைவுதான். மரங்களுக்கடியில் தறப்பாள் கட்டி இருந்ததையும், இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் மறக்க முடியாது. மறக்கவேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அதே காட்டுக்குத்தான் இன்றும் போகிறோம். அங்கே என்ன நடமாடுகிறது என்று இனங்கண்டு பழகினால் வீண் பயம் குறையும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் பாதுகாப்பு

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியில் எமது பெண்கள் பலரும் உழைத்திருக்கிறார்கள். ஆனாலும் காடு முழுவதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். மழைவெள்ளம் மண்ணை அரித்து, புதைந்திருந்ததை வெளியே கொண்டுவரும், இடமும் மாற்றிவிடும். ஆகவே ஊரவர்கள் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள். இனந்தெரியாத பொருளைத் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஆபத்தான இடத்துக்குள் வந்துவிட்டதாகத் தெரிந்தால் அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

வேட்டைக்காரர் வைக்கும் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் மிருகத்தையும் மனிதரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

மண்ணில் தெரியும் செய்தி

ஈரமண்ணில் இரவு நடமாட்டம் அப்படியே பதிந்திருக்கும். இரண்டாகப் பிளந்த, முனை கூர்ந்த சிறிய குளம்படி புள்ளிமானுடையது. அதே வடிவம் பெரிதாக இருந்தால் மரை. நிலத்தை உழுததுபோல் கிளறியிருந்தால் பன்றி வந்து போயிருக்கிறது. நரியின் அடி நாயின் அடியைப் போன்றது. நக நுனியும் பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் வட்டமான அடியில் பெரும்பாலும் நகம் தெரியாது.

புற்று உடைக்கப்பட்டு ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தால் கவனம்! அது கரடியின் வேலையாக இருக்கலாம். கறையான் அதற்கு முக்கியமான உணவு. கரடிக்குப் பார்வை மந்தம். தின்பதில் மூழ்கியிருக்கும்போது ஆள் வருவதை அறியாது; திடீரென்று அருகில் கண்டால் பயந்துபோய்ப் பாயும். அதனால் பற்றை அடர்ந்த இடங்களில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நடவுங்கள். குருவிகளைப் பார்க்க அமைதியாக நிற்பதெல்லாம் வெட்டையான இடத்தில் மட்டும்.

யானை போன வழி

யானை லத்தியைக் கண்டால் தூர நின்று பாருங்கள். காய்ந்து, உதிர்ந்து, காளான் முளைத்திருந்தால் அது பழையது. ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் யானை அருகில்தான் நிற்கிறது. முறிந்த கிளையில் இலை வாடாமல் இருப்பதும், மரத்தில் உயரமாகப் பூசப்பட்ட சேறு காயாமல் இருப்பதும் அதே எச்சரிக்கைதான். அன்றைக்கு விறகு வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஒரு கட்டு விறகு நாளைக்கும் கிடைக்கும். பிள்ளைகளுக்குத் தாய் ஒருத்திதான்.

இரவில் தோட்டம் புகுந்த யானை பெரும்பாலும் விடியும் வேளையில் காட்டுக்குத் திரும்பும். எனவே வெயில் ஏறிய பிறகு, மூன்று நான்கு பேராகப் போவதே நல்லது. எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தூரத்து விருந்தாளிகள்

பயம் மட்டுமா காடு? இக்காலத்தில் எமது மரங்களுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். அவர்களில் அழகானது ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரட்டைச் சீழ்க்கை போல் கூவுவதால் இந்தப் பெயர். முதுகு பச்சை, நெஞ்சு மங்கிய மஞ்சள், வாலடி சிவப்பு, கண்ணோரம் கறுப்புக் கோடு, இறகில் நீலம். மரத்தின் உச்சியில் இதைத் தேடாதீர்கள். நிழலில், உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடும். இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரிக்கும் இக்குருவி, குளிர் தொடங்கும் காலத்தில் கடல் கடந்து இங்கு வருகிறது. வந்து சேரும்போது களைத்துப்போய் சில வேளை வீட்டு வளவுக்குள்ளும் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் பூனை அணுகாத நிழலில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தெம்பு வந்ததும் பறந்துவிடும்.

இலங்கைக் காட்டுக்கோழியோ விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். எமது தேசியப் பறவையான இது உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. சேவலின் சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் நிறம் இருப்பதே அடையாளம்.

பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்

காட்டுக்குள் கூட்டிப்போக வேண்டியதில்லை. வளவு வேலியோரமும் குளக்கட்டும் போதும். கண்டது என்ன, எந்தத் திகதி, எந்த இடம் என்று ஒரு பழைய கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத சின்னவர்கள் கீறட்டும். சித்திரை அளவில் ஆறுமணிக்குருவி திரும்பிப் போய்விடும். கடைசியாக அதன் குரல் கேட்ட நாளையும் குறித்து வையுங்கள். அடுத்த மாரியில் அது எப்போது வந்து சேர்கிறது என்று உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.