எந்த ஊர் பெஸ்ட்?

'ரிட்டையர் ஆனதும் எங்கே செட்டிலாகலாம்... மதுரையா, கோவையா?' என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மத்திய அரசே ரேங்க் போடுகிறது. 2021 மார்ச்சில் வந்த 'வாழ எளிதான நகரங்கள்' பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊர்களில் கோவைக்கு ஏழாவது இடம். 2025-ல் வந்த தூய்மைப் பட்டியலில், அதே அளவு நகரங்களில் மதுரைக்கு 40-க்கு 40. மார்க் இல்லை சார், ரேங்க்!

அதற்காக கோவைக்காரர்கள் காலரைத் தூக்க வேண்டாம். ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேரும் வெள்ளலூரில் நின்று 'நாங்க ஏழாவது' என்று சொல்லிப் பாருங்கள். 2024 ஏப்ரலில் கிடங்கு பற்றி எரிந்தபோது புகையைக் குடித்தவர்கள் பதில் சொல்வார்கள்.

இங்கே அவனியாபுரம். பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்காக நாடே டி.வி-யில் பார்க்கும் ஊர். மதுரைக் குப்பை கொட்டும் வெள்ளைக்கல் இதன் பக்கத்தில்தான். 2011-ல் அவனியாபுரத்தை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். குப்பை அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது!

ரேங்க் போடும் புண்ணியவான்களே, மாசி வீதியில் படிவத்தை நீட்டாதீர்கள். வெள்ளைக்கல்லில் நீட்டுங்கள். அந்தந்த வார்டு குப்பையை அந்தந்த வார்டிலேயே பிரித்து, மக்க வைக்காத எந்த ஊரும் நல்ல ஊர் இல்லை. கிடங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரன் முதலில் ஜன்னலைத் திறக்கட்டும். எது பெஸ்ட் என்று அப்புறம் பேசலாம்!