பேட்டரியை மறைத்தால் விலை போகாது!

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார்?

தோலை விரிப்பார். திருப்பிப் பார்ப்பார். தடவிப் பார்ப்பார். கீறல் எங்கே, ஓட்டை எங்கே என்று கண்டு தரம் பிரிப்பார். அதன் பிறகுதான் விலை!

மின்சாரக் காரின் பேட்டரியை அப்படித் திருப்பிப் பார்க்க முடியுமா? முடியாது. அது காரின் அடியில் பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது. ஆனால் காரின் விலையில் பெரும் பங்கு அதற்குத்தான்.

அதனால்தான் பழைய மின்சாரக் காரை வாங்க வருகிறவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க வேண்டியவர் யார்? விற்கிறவரே!

பயம் வீண் அல்ல

2022 மார்ச்சில், வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டார்கள்.

ஸ்கூட்டர் வேறு, கார் வேறுதான். ஆனாலும் பேட்டரி என்றதும் இந்த ஊர் மக்களுக்கு அந்தத் துயரம் நினைவுக்கு வராதா? "பயப்படாதீர்கள்" என்று சிரித்து மழுப்பினால் பயம் போகாது. ஆதாரத்தைக் காட்டினால் போகும்.

எதைக் காட்டுவது?

முதலாவது, சோதனைச் சீட்டு. கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைச் சோதித்துத் தரும்படி கேட்கலாம். புதிதில் இருந்த சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு மிச்சம் என்பது அதில் தெரியும்.

இரண்டாவது, ஓட்டிக் காட்டுவது. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். முழுச் சார்ஜுடன் புறப்பட்டுப் போய்த் திரும்பினால், மிச்சச் சார்ஜே உண்மையைச் சொல்லிவிடும்!

மூன்றாவது, உத்தரவாதம். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எது முதலில் முடிகிறதோ அதுவரை. அது வாங்குகிறவர் பெயருக்கும் செல்லுமா என்பதை முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும்.

வேலூர் வெயிலை யார் அறியார்? அதிக வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நிழலில் நிறுத்தி, வீட்டிலேயே நிதானமாகச் சார்ஜ் ஏற்றிய கார் என்றால் அதைத் தயங்காமல் சொல்லலாம். குறை இருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் மாறாவிட்டால்?

பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய தவறு!

ஒருவர் காரை விற்றார். அது பல கை மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. அந்தக் கார் விபத்தில் சிக்கியது. நஷ்ட ஈட்டுக்கு யார் பொறுப்பு? பதிவில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது!

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கார் மீது கடன் இருந்தால் முதலில் அதை அடைத்து, பதிவிலிருந்து நீக்க வேண்டும். விற்றவரின் கைப்பேசியில் காருடன் உள்ள இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

இருவருக்கும் லாபம்

பழைய மின்சாரக் காரை வியாபாரி வாங்கி விற்றால், அவருக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது 18 சதவீதம் வரி என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்றால் அந்த வரி இல்லை. தரகும் மிச்சம்.

ஆனால் நடுவில் வியாபாரி இல்லாதபோது நம்பிக்கைதான் ஜாமீன். ஒரு கார் நன்றாக ஓடினால், அதே தெருவில் அடுத்த காரையும் மக்கள் நம்பி வாங்குவார்கள். ஒருவர் ஏமாற்றினால், ஒழுங்காகக் காரை வைத்திருந்த பத்துப் பேருக்கும் விலை விழும்!

நல்ல தோலை விரித்துக் காட்ட எந்த வியாபாரியும் அஞ்சுவதில்லை. நன்றாக வைத்திருந்த காருக்கும் அதுவே நியாயம்.