உயரமும் உபாயமும்



பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் காலத்தில், கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளை வாட்டும் அச்சம் ஒன்று உண்டு. கூடைப்பந்து மைதானத்தில் இறங்கியதும், எதிரணியில் தம்மைவிட ஒரு தலை உயர்ந்த ஒருவர் வளையத்தின் கீழ் நின்று எளிதாகப் பந்தைப் போடுவதை அவர்கள் காண்கின்றனர். அந்தக் கணமே மனம் தளர்ந்து விடுகிறது. நடுவர் பந்தை மேலே எறியும் முன்னரே ஆட்டத்தில் பாதி தோற்றாகிவிட்டது. நகரத்துப் பிள்ளைகளின் உயரத்தை நம் பிள்ளைகள் ஒரே நாளில் பெற்றுவிட முடியாது. ஆயினும் உயரத்திற்கு எதிராக உபாயம் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. இம்மாதம் அதனைப் பற்றியே நாம் சிந்திப்போம்.

மைதானத்தில் 'பிவட்' என்று வழங்கப்பெறும் நடு ஆட்டக்காரரை எவ்வாறு அடக்குவது என்பது, இந்த ஆட்டமே நெடுங்காலமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வியாகும். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று வந்த ஹாரி க்ரோ பக் என்பவரே 1920-இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். வளையம் அன்றும் 10 அடி உயரத்தில்தான் இருந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது. மாறியவை விதிகளே; அவற்றுள் சில, உயர்ந்த மனிதர்களின் பொருட்டே மாறின.

6 அடி 10 அங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன் மின்னியாபொலிஸ் அணிக்கு ஆடிய நாளில், அவரை வெல்ல வழியறியாத ஃபோர்ட் வெய்ன் அணியினர் 1950 நவம்பர் 22 அன்று பந்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு காலம் கடத்தினர். ஆட்டம் 19-18 என்று முடிந்தது. வென்றது ஃபோர்ட் வெய்ன். தோற்ற அணியின் 18 புள்ளிகளுள் 15 மைக்கன் எடுத்தவை! அடுத்த ஆண்டே வளையத்தின் முன்னுள்ள கட்டத்தின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. 1954-இல் 24 விநாடிக்குள் பந்தை எறிந்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆகவே பந்தைப் பதுக்கி வைக்கும் வழி இன்று அடைபட்டுவிட்டது. வேறு வழி காண வேண்டும்.

அந்த வழி யாது? உயர்ந்தவரின் வலிமை எதில் அடங்கியுள்ளது என்று ஆராய்ந்தால் விடை தானே கிடைக்கும். அவர் வளையத்தருகே நிற்க வேண்டும். அங்கே அவர் கைக்குப் பந்து வந்து சேர வேண்டும். எறிவதற்குச் சிறிது நேரமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றைப் பறித்தாலும் உயரம் பாதியாகிவிடும்.

முதலாவது, பந்து வரும் வழியை அடைப்பது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிவட்டின் முதுகுப்புறம் நின்று, பந்து அவர் கைக்கு வந்த பின்னர்க் குதிக்கின்றனர். அது பயனற்றது. அவருக்கு முன்னே, பந்துக்கும் அவருக்கும் இடையே நிற்பதே மேல். அப்போது தலைக்கு மேலாக உயர்த்தி எறியும் பாஸ் ஒன்றே எதிரணிக்கு மிஞ்சும். அதைப் பிடிக்க நம்மவர் ஒருவர் பின்புறம் ஆயத்தமாக நிற்க வேண்டும். அதனினும் மேலாக, பந்தைக் கொண்டுவருபவரை மைதானத்தின் மறுகோடியிலிருந்தே நெருக்கலாம். 8 விநாடிக்குள் அவர்கள் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். அதில் 7 விநாடியை அவர்கள் செலவிட்டால், எஞ்சுவது 17 விநாடியே. களைத்த கையிலிருந்து புறப்படும் பாஸ் பிவட்டைச் சரியாகச் சென்றடைவது அரிது.

இரண்டாவது, இடத்தைப் பறிப்பது. பிவட் கட்டத்துள் வந்து நிலைகொள்ளும் முன்னரே, அவர் விரும்பும் இடத்தில் நம்மவர் முழங்கால் மடித்துத் தாழ்ந்து நின்றுகொள்ள வேண்டும். உயர்ந்தவரை ஓரடி வெளியே நிற்கச் செய்தால், அவர் எறிவு அந்த அளவுக்குக் கடினமாகிறது. தாழ்ந்து நிற்பவரை அசைப்பது எளிதன்று. இங்கே குட்டையானவருக்கே நன்மை. எதிரணியினர் 3 விநாடிக்கு மேல் கட்டத்துள் தங்கக்கூடாது என்ற விதியும் நமக்குத் துணை நிற்கிறது.

மூன்றாவது, நேரத்தைப் பறிப்பது. பந்து அவர் கைக்கு வந்துவிட்டால், இரண்டாமவர் ஒருவர் விரைந்து சென்று நெருக்க வேண்டும். எவர் செல்வது? எதிரணியில் தொலைவிலிருந்து நன்றாக எறியத் தெரியாதவரைக் காப்பவரே செல்ல வேண்டும். மற்ற மூவரும் உடனே வளையத்தை நோக்கிச் சுருங்கி, விடப்பட்டவரையும் கண்காணிக்க வேண்டும். இதனைப் பயிலாமல் இருவராய்ப் பாய்ந்தால், நான்கு பேரை மூவர் காக்கும் நிலை உண்டாகி அணி சிதறிப் போகும்.

பந்து எறியப்பட்ட பின்னர் நம் பிள்ளைகள் அண்ணாந்து பந்தையே பார்த்து நிற்பது வழக்கம். முதலில் தம் ஆளைத் தேடி, அவர் மார்பில் தம் முதுகு படுமாறு வழிமறித்து நின்று, அதன் பின்னரே பந்தைப் பார்க்க வேண்டும். ரீபவுண்டு உயரத்தால் மட்டும் கிடைப்பதன்று, இடத்தால் கிடைப்பது.

தாக்குதலிலும் ஓர் உபாயம் உண்டு. நம் பிவட்டை வளையத்தின் கீழ் நிறுத்தாமல், கட்டத்துக்கு வெளியே நின்று எறியப் பழக்கினால், எதிரணியின் உயர்ந்தவர் அவரைக் காக்க வெளியே வந்தே தீர வேண்டும். வளையம் காவலின்றிக் கிடக்கும். அவர் வர மறுத்தால் தடையின்றி எறியலாம். பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் ஓடவும் வேண்டும். கனத்த உடலைச் சுமந்து மீண்டும் மீண்டும் மைதானம் முழுதும் ஓடுபவர், கடைசிக் கால்பகுதியில் முன்போல் குதிக்க மாட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பர். சறுக்கும் வரை அதை நடக்க வைப்பது நம் பொறுப்பு.

இவை யாவும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 7 அடி 1 அங்குல உயரமுள்ள வில்ட் சேம்பர்லினை, சுமார் 3 அங்குலம் குறைந்த பில் ரஸ்ஸல் எதிர்த்து நின்றார். புள்ளிகளில் சேம்பர்லினே பெரிதும் முந்தினார். ஆயினும் இருவரின் அணிகளும் இறுதிச் சுற்றுகளில் மோதிய 8 தொடர்களில் 7-ஐ வென்றது ரஸ்ஸலின் பாஸ்டன் அணியே. நம் நாட்டிலும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தையும் வெல்லாமல் திரும்பிய இந்தியா, 2014-இல் ஆசியக் கோப்பைப் போட்டியில், சீனாவை அதன் மண்ணிலேயே, ஊகான் நகரில், 65-58 என்று வென்றது. சீனாவை 58 புள்ளிகளில் நிறுத்திய அந்தத் தடுப்பை நம் பயிற்சியாளர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். "அவனை அடித்து வீழ்த்து, ஆட்டம் நம்முடையது" என்று பிள்ளைகளின் காதில் ஓதும் பெரியவர்கள் சிலரை நாம் கண்டிருக்கிறோம். குதித்து நிற்பவரின் காலடியைத் தட்டினால் முழங்கால் முறியும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையானால் படிப்பும் அதோடு முறியக்கூடும். உபாயம் என்ற முறையிலும் அது பொய்த்துப்போவதுண்டு. பிரீ த்ரோவில் வாழ்நாள் முழுதும் ஏறக்குறையப் பாதியே வென்ற சேம்பர்லின், 1962 மார்ச் 2 அன்று 100 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தில் 32 பிரீ த்ரோக்களில் 28-ஐ வென்றார். கைகளை நேர் மேலே உயர்த்தி, தன் இடத்தில் அசையாது நிற்பதே முறையான தடுப்பு. அவ்வாறு நிற்பவர் மேல் வந்து மோதினால் பவுல் மோதியவருடையதே. ஐந்து பவுல் ஆனால் அவர் வெளியேற வேண்டியதுதான்.

எதிரணியின் உயர்ந்த பிள்ளையும் ஒரு பிள்ளையே. வகுப்பிலும் வீதியிலும் கேலிக்கு உள்ளாகி, மைதானத்தில்தான் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து நிற்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங், 2015-இல் அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார். அத்தகைய பிள்ளை நாளை நம் மரவள்ளிக் காடுகளிலிருந்தும் தோன்றலாம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! குட்டையாக இருக்கிறாள், கூடைப்பந்து எதற்கு என்று ஒரு பெண் குழந்தையை விலக்கும் முன் சற்றே சிந்தியுங்கள். முன்னே நின்று வழியடைப்பவள், தாழ்ந்து நின்று இடம் காப்பவள், ஓடிக் களைக்காதவள் ஆகிய மூவரும் உங்கள் அணிக்கு வேண்டியவர்களே. இவ்வாறு பயின்ற பிள்ளைகளும் சில ஆட்டங்களில் தோற்பார்கள். ஆயினும் நடுவர் பந்தை எறியும் முன்னரே தோற்க மாட்டார்கள்.